படத்துக்குக் கீழே வடிந்த தேன்

— அந்த ரின்னைத் தாங்கோ, சித்தப்பா.

— என்ன ரின்?

— ஒருத்தரும் கேக்கக் கூடாதெண்டு நீங்கள் சொன்ன ரின். சுவருக்குள்ளை என்ன நடந்ததெண்டு இந்த வீட்டிலை ஆரும் வாய் திறக்கப்படாதெண்டு எல்லாரையும் வரிசையா நிப்பாட்டிச் சொன்னனீங்களெல்லே. நான் இப்ப கேக்கிறன். தேனீக்கு அடிச்ச பவுடர் இருந்த தகர ரின்.

— வத்சலா, நான் எட்டு மணிக்குத்தான் பெற்றோல் செட்டிலை இரவு வேலை முடிஞ்சு வந்தனான். கண் எரியுது. முதல் இரு. ஆஸ்பத்திரியிலை பிள்ளை எப்பிடி? கொக்கா தவமலர் என்ன சொல்லுறா?

— பிள்ளைக்குக் குழாய் போட்டிருக்கு. மூச்சை மிசின்தான் விடுது. அக்கா ஒண்டும் சொல்லுறா இல்லை. ரெலிபோனிலை நீங்கள் சொன்னபடி நடக்கிறா. பாலைத் தவிர வேறை என்ன குடுத்தனீங்கள் எண்டு டொக்டர் மூண்டு தரம் கேட்டவர். மூண்டு தரமும் ஒண்டுமில்லை எண்டவ.

— அவளுக்குப் பயம்.

— நீங்கள் குடுத்த பயம்.

— கேள் பிள்ளை. நான் சொன்னது வேறை. கோயில், குளம், எங்கடை பழக்கவழக்கம் இதெல்லாம் வெள்ளைக்காரருக்கு விளங்காது, தேவையில்லாததைக் கதைச்சு மாட்டுப்படாதை எண்டுதான் தவமலரிட்டைச் சொன்னனான். அதென்ன நீலப் பை? கதவடியிலை வைச்சிருக்கிறாய்.

— உடுப்பு.

— நல்லது. பிள்ளைக்குத் துவாயும் ரெண்டு வைச்சனீயோ? சித்தியைக் கேட்டா எடுத்துத் தருவா. ஆனா ஆளைக் காணேல்லை. வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போட்டா போலை. ஒரு தேத்தண்ணிகூட ஊத்தி வைக்காமல் போயிருக்கிறா.

— ரின், சித்தப்பா.

— பவுடர் கிவுடர் ஒண்டும் நான் போடேல்லை. அது தன்பாட்டிலை வந்த பூச்சி, தன்பாட்டிலை போச்சு.

— போகேல்லை. உந்தச் சுவருக்குள்ளைதான் செத்துக் கிடக்கு. மே மாசம் ஒரு பின்னேரம் வந்து இறங்கினது, வானம் இருண்ட மாதிரி. மேல்மாடியிலை தங்கியிருக்கிற பொடியள் பாத்துக்கொண்டு நிண்டவை. பழைய நெருப்படுப்பை அடைச்ச இடத்துக்கு வெளியிலை, காத்துப் போற ஓட்டைக்கல்லுக்குள்ளாலை உள்ளுக்குப் போச்சுது. அடுத்த கிழமை நான் இதிலை கை வைச்சுப் பாத்தனான். சுவர் காய்ச்சல்காரன்ரை நெத்தி மாதிரிச் சுட்டது. காதை வைச்சா ஒரு இரைச்சல், தூரத்திலை றெயில் வாற மாதிரி. பக்கத்து வீட்டுக் கிழவன் வந்து கேட்டது ஞாபகம் இருக்கே?

— அந்தாளுக்கு வேறை வேலை இல்லை.

— அந்தாள் தோட்டத்திலை தேனீ வளக்கிற ஆள். சுவரிலை ரெண்டடிக்கு ரெண்டடி வெட்டுவம், உயிரோடை பெட்டியிலை எடுத்துக்கொண்டு போறன், பிறகு நானே பூசித் தாறன், எனக்குத் தேனீ மட்டும் போதும் எண்டவர். நான்தான் உங்களுக்கு மொழிபெயர்த்தனான். வேண்டாமெண்டு சொல்லச் சொன்னியள்.

— சொல்லாமல்? உள்ளுக்கு விட்டால் அந்தாள் சுவரை மட்டுமோ பாக்கும்? இந்த அறையிலை அப்ப நாலு மெத்தை. மேலை அஞ்சு. ஒருத்தனுக்கும் இந்த நாட்டிலை இருக்கலாமெண்டு ஹோம் ஒபிஸ் கடிதம் இன்னும் வரேல்லை. கிழவன் போய்க் கவுன்சிலிலை ஒரு சொல்லுச் சொன்னா, நாளைக்கு ஒன்பது பொடியளும் றோட்டிலை. உனக்கு அது விளங்காது. நீ படிக்க வந்தனீ, படிச்சாய், தொப்பி போட்டுப் படம் எடுத்தாய். ஆரோ ஒருத்தன் வாயை மூடிக்கொண்டு இருந்தபடியால்தான் உனக்கு அந்தத் தொப்பி.

— அந்தப் படத்தைக் கொண்டுவந்து உந்தச் சுவரிலை முருகன் படத்துக்குப் பக்கத்திலை கொழுவினதும் நீங்கள்தான்.

— பெருமையிலை கொழுவினனான். எங்கடை குடும்பத்திலை முதல் பட்டம்.

— வாற சனத்துக்குக் காட்டக் கொழுவினியள். கிழவனை அனுப்பிப்போட்டு என்ன செய்தனீங்கள்? அப்ப மேலை இருந்த பெனடிக்ற், கண்ணாடிக்கூரைத் தோட்டத்திலை தக்காளி பிடுங்கிற வேலை. அங்கையிருந்து ஒரு ரின் கொண்டுவந்து தந்தவன்.

— அவன் உன்னட்டைச் சொன்னவனோ?

— நேற்று இல்ஃபோர்ட்டுக்குப் போனனான். கதவைத் திறந்து என்னைக் கண்ட உடனை அழத் தொடங்கிப்போட்டான். கையுறை போடுங்கோ அண்ணை, ஒரு கரண்டிக்கு மேலை போடாதேங்கோ எண்டு சொல்லித்தான் தந்தவனாம். நீங்கள் முழுக்கக் கொட்டினனீங்களாம். கொட்டிப்போட்டு, ஒண்டும் வெளியிலை வரக்கூடாதெண்டு ஓட்டையைச் சீமெந்து வைச்சு அடைச்சனீங்களாம். மருந்தின்ரை பேர் அவனுக்கு ஞாபகமில்லை. தோட்டக்காரனைக் கேட்டால், களவெடுத்ததெண்டு பொலிசுக்குப் போவான் எண்டு நடுங்கிறான்.

— சரி. போட்டனான். பூச்சிக்கு மருந்து போடுறது பாவமோ? ஊரிலை நுளம்புக்கு அடிக்கிறேல்லையே?

— அப்ப ரின்னைத் தாங்கோ.

— எறிஞ்சிட்டன்.

— நீங்கள் ஒண்டும் எறியிற ஆள் இல்லை, சித்தப்பா. எழுபத்தொன்பதிலை நீங்கள் வந்திறங்கேக்கை போட்ட கோட்டு இன்னும் அலுமாரிக்குள்ளை தொங்குது.

— அந்த ரின்னுக்கும் பிள்ளையின்ரை வருத்தத்துக்கும் என்ன தொடர்பு? குழந்தையெண்டால் காய்ச்சல் வரும், சளி வரும்.

— வாயாலை நுரை நுரையாத் தண்ணி ஓடினது. கண்ணின்ரை கருமணி குண்டூசித் தலை அளவு. கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி விழுந்தது. இது சளி இல்லை, பூச்சி மருந்து போலை கிடக்கு எண்டு டொக்டர் சொன்னவர். மருந்திலை ரெண்டு சாதி இருக்கு. ஒரு சாதியெண்டால் அடுத்த ஊசி போட வேணும். மற்றச் சாதியெண்டால் அந்த ஊசியே பிள்ளையைக் கெடுக்கும். எந்தச் சாதி எண்டு ரின்னிலை எழுதியிருக்கும். இதுக்கு மேலை நான் எப்பிடிச் சொல்லுறது?

— நான் ஒருத்தரையும் தின்னச் சொல்லேல்லை.

— என்ன?

— தேனை. ஒருத்தரையும் தின்னச் சொல்லேல்லை. கண்ணிலை ஒத்துங்கோ, நெத்தியிலை வையுங்கோ எண்டுதான் சொன்னனான். சனம்தான் வாயிலை வைச்சது.

— அப்ப உங்களுக்குத் தெரியும்.

— எனக்கு ஒண்டும் தெரியாது. கேள் பிள்ளை, குறுக்கை கதையாதை. முதல் ஒரு மணம் வந்தது. எலி செத்த மணம். சாம்பிராணி போட்டன். பிறகு சுவரிலை ஈரம், கறுப்பாத் திட்டு. வாற போற ஆக்கள் கேப்பினமெண்டு அந்தத் திட்டை மறைக்கத்தான் முருகன் படத்தைக் கொண்டுவந்து மாட்டினனான். அவ்வளவுதான். பிறகு அந்த வெள்ளிக்கிழமை, றோட்டிலை தார் உருகின நாள். லூயிஷாமிலையிருந்து கல்யாணி அக்கா வந்திருந்தவ. மகனிட்டையிருந்து ரெண்டு மாசமாக் கடிதம் இல்லை. யாழ்ப்பாணத்திலை கோட்டையடியிலை குண்டு விழுது எண்டு ரேடியோ சொல்லிக்கொண்டிருக்கு. அவ படத்தைப் பாத்து, என்ரை பிள்ளை உயிரோடை இருக்கெண்டு ஒரு அடையாளம் காட்டப்பா எண்டு கை கூப்பினவ. அந்த நேரம் பாத்துப் படத்துக்குக் கீழை ஒரு துளி. பிறகு ஒரு துளி. பிறகு நூலா வடிஞ்சது. அவ நிலத்திலை விழுந்து கும்பிட்டவ. என்ரை காலைத் தொட்டவ. ஐயா எண்டவ. அந்த இடத்திலை நான் என்னெண்டு சொல்லுறது, அம்மா இது பூச்சி செத்த தண்ணியெண்டு? நீயெண்டால் சொல்லுவியோ?

— சொல்லியிருப்பன்.

— சொல்லமாட்டாய். அந்த முகத்தைப் பாத்திருந்தால் சொல்லமாட்டாய். அடுத்த நாள் எட்டுப் பேர். அடுத்த வெள்ளி அறுபது பேர். ஒரு பதினொரு வருசமா இந்த ஊரிலை என்னை ஒருத்தரும் ஐயா எண்டதில்லை. பம்ப் நம்பர் நாலு எண்டுதான் கூப்பிடுவினம்.

— நானும் சொன்னனான். இது அற்புதமும் இல்லை ஒண்டுமில்லை, உள்ளை தேனீ இல்லாதபடியால் தேன்கூட்டுக்குக் காத்து வீச ஆளில்லை, மெழுகு வெக்கைக்கு உருகுது, இது வெறும் தேன் எண்டு அத்தினை பேருக்கும் முன்னாலை சொன்னனான். அதுகள் பறந்து போட்டுதெண்டு நம்பிச் சொன்னனான். நீங்கள் அதை எடுத்து என்ன செய்தனீங்கள்? கெமிஸ்ற்றி படிச்ச பிள்ளையே சொல்லுது இது சுத்தத் தேனெண்டு, பயப்பிடாமல் எடுங்கோ எண்டு என்ரை படத்தைக் கையாலை காட்டினியள்.

— எடுங்கோ எண்டுதான் சொன்னனான். தின்னுங்கோ எண்டு சொல்லேல்லை.

— நீங்கள் ஒரு நாளாவது நாக்கிலை வைச்சனீங்களோ?

— எனக்குச் சீனி வருத்தம்.

— போன சனிக்கிழமை சித்தி சீனி போட்டுச் செய்த பயத்தம் உருண்டை எத்தினை திண்டனீங்கள்?

— பெல் அடிக்குது.

— நான் திறக்கிறன்.

— நீ இரு. ஒண்டும் கதைக்கப்படாது. விளங்குதோ? ... வாங்கோ, ராஜலட்சுமி அம்மா. வெள்ளெண வந்திட்டியள்.

— ஆமாங்க. சாயங்காலம் கூட்டத்துல நிக்க முடியல. அதான் இப்பவே ஒரு எட்டு வந்துட்டுப் போயிடலாம்னு. அட, வத்சலாவா? ஆஸ்பத்திரிலேருந்து எப்ப வந்தே? குழந்தை எப்படி இருக்கு? நான் தினம் வேண்டிக்கறேன்மா.

— மாமி, உங்கடை கையிலை என்ன?

— வெள்ளி டம்ளர்தான். போன வாரம் எடுத்துட்டுப் போனது தீந்து போச்சு. ஃப்ரிட்ஜுல வச்சு எங்க வீட்டுக்காரருக்குத் தினம் காலைல ஒரு ஸ்பூன் குடுக்கறேன். அவருக்கு ஹார்ட் கொஞ்சம் வீக் பாரு.

— அவர் எப்பிடி இருக்கிறார்?

— முதல் நாலு நாள் ஒரே வாந்தி. தலை சுத்தறதுன்னார். உடம்புல உள்ள கெட்டது எல்லாம் வெளில போகுதுன்னு நான் சொன்னேன். அருள் உள்ள இறங்கறப்ப அப்படித்தான் இருக்கும்னு ஐயாதான் சொன்னார். இல்லீங்களா?

— நான்... அப்பிடிப் பொதுவாச் சொன்னனான்.

— மாமி, அந்த ரம்ளரை என்னட்டைத் தாங்கோ. இனி அவருக்குக் குடுக்காதேங்கோ. அதுக்குள்ளை பூச்சி மருந்து கிடக்கு.

— என்னம்மா சொல்றே?

— சுவருக்குள்ளை இருந்த தேனீயை மருந்து போட்டுச் சாகடிச்சது. அந்த மருந்தும் செத்த பூச்சியும் கரைஞ்ச தேன்தான் வடியுது. இண்டைக்கே அவரை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மிச்சம் ஏதும் போத்தலிலை இருந்தால் கொட்டாமல் கொண்டுபோய்க் காட்டுங்கோ.

— ஐயா, இவ என்ன சொல்றா? நெஜமாவா?

— சொல்லுங்கோ, சித்தப்பா. மாமி உங்களைத்தான் கேக்கிறா.

— அது... ராஜலட்சுமி அம்மா, பிள்ளைக்கு மூண்டு நாளா நித்திரை இல்லை. ஆஸ்பத்திரிக் கதிரையிலை இருந்து இருந்து தலை கலங்கிப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

— அதானே பாத்தேன். படிச்ச பொண்ணுங்களுக்கு இதெல்லாம் நம்பிக்கை வராதும்மா. பரவாயில்ல. நான் கொஞ்சமா எடுத்துண்டு... ஏய், என்ன பண்றே? படத்துக்குக் கீழ வச்ச கிண்ணத்தை ஏன் கவுத்தறே? கார்ப்பெட்ல கொட்டறே, சாமி முன்னாடி.

— காலாலை மிதிச்சுப்போடாதேங்கோ, மாமி. வீட்டை போய்க் கையைக் கழுவுங்கோ. அவரை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ. வாந்தி எடுத்தவர் எண்டு நீங்களே சொன்னனீங்கள். என்னை நம்ப வேண்டாம். அவரின்ரை வாந்தியை நம்புங்கோ.

— நான் போறேன்பா. எனக்கு என்னவோ போல இருக்கு. ஐயா, நான் அப்புறமா வரேன். இல்ல... ஃபோன் பண்றேன்.

— அம்மா, நில்லுங்கோ. அம்மா... போட்டா. சந்தோசமோ உனக்கு? இன்னும் அரை மணித்தியாலத்திலை நோர்பரி முழுக்கத் தெரிஞ்சிடும்.

— அந்த மனுசன்ரை சீவன். ஒரு சொல்லு. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல உங்களுக்கு வாய் வரேல்லை.

— அவவுக்கு முன்னாலை எப்பிடி?

— எப்பிடியோ. பிள்ளைக்கு முன்னாலையும் உங்களுக்கு வாய் வரேல்லைத்தானே.

— அதென்ன கதை?

— பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள். துடக்குக் கழிச்சு, ஐயர் போன பிறகு, பிள்ளைக்கு நாக்கிலை தேன் தொட்டு வைக்க வேணுமெண்டு அக்கா கேட்டவ. கடைத் தேன் என்னத்துக்கு, முருகனே வீட்டிலை தந்திருக்கிறாரே எண்டு சித்தி சொன்னவ. சித்திதான் எடுத்தவ. மோதிரத்தைக் கழட்டிக் கழுவி, தேனிலை தொட்டு, பிள்ளையின்ரை நாக்கிலை வைச்சவ. அண்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் காலமை பிள்ளை சப்பிற சூப்பியிலை தொட்டுக் குடுத்தவ. பிள்ளையில்லாத மனுசி, சித்தப்பா. பன்னிரண்டு வருசம். அக்கான்ரை பிள்ளையைத் தன்ரை பிள்ளை மாதிரி மடியிலை வைச்சிருந்தவ. நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?

— ஞாபகமில்லை.

— படம் எடுத்துக்கொண்டு நிண்டனீங்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் படம் கழுவி வந்தது, பிள்ளையை அம்புலன்சிலை ஏத்தின அண்டைக்கு. நல்ல வெளிச்சம். சித்தியின்ரை விரல், மோதிரம், பிள்ளை நாக்கை நீட்டுது. கைகூட ஆடாமல் எடுத்திருக்கிறியள்.

— ஒரு துளிதானேயெண்டு நினைச்சன். ஒரு துளி என்ன செய்யும் எண்டு... பதினைஞ்சு பேர் நிண்டவை, வத்சலா. ஐயற்றை மகனும் நிண்டவர். அந்த நேரம் நான் வேண்டாமெண்டு சொன்னால் ஏனெண்டு கேப்பினம். ஏனெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? அடுத்த நாள் சித்தியிட்டைச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அடுத்த நாள் அவ சிரிச்சுக்கொண்டு இருந்தவ. அவ அப்பிடிச் சிரிச்சு நான் பாத்துக் கனகாலம்.

— அதாலை சொல்லேல்லை.

— அதாலை சொல்லேல்லை.

— ரின்னைத் தாங்கோ, சித்தப்பா. கடைசியாக் கேக்கிறன்.

— தாறன். தரமாட்டனெண்டு சொன்னனானே? ஆனா முதல் ஒண்டு கதைப்பம். ரின்னைக் கொண்டுபோய் என்னெண்டு சொல்லுவாய்?

— உள்ளதைச் சொல்லுவன்.

— கேள் பிள்ளை. வீடு வாங்கேக்கை படிக்குக் கீழை கிடந்தது, முந்தியிருந்த வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போனது எண்டு சொல்லேலாதோ?

— பெனடிக்ற்றின்ரை தோட்டத்துப் பேர் அதிலை அடிச்சிருக்குமே.

— ஓம்... அது கிடக்கு. அப்ப வேறை ஒரு வழி இருக்கு. கோவிக்காமல் கேள். நீ போட்டனீயெண்டு சொல்லு.

— நானோ.

— நீ கெமிஸ்ற்றி படிச்சனீ. ஏதோ ஆராய்ச்சிக்கெண்டு எடுத்து வைச்சன், பூச்சித் தொல்லைக்குப் போட்டன், தெரியாமல் நடந்து போச்சு எண்டு சொன்னால் நம்புவினம். பொம்பிளைப்பிள்ளை, பட்டதாரி, இங்கிலீசிலை வடிவாக் கதைப்பாய். ஒரு எச்சரிக்கையோடை விட்டிடுவினம். நான் சொன்னால் பொலிஸ் வீட்டுக்குள்ளை வரும். பொலிஸ் வந்தால் மேலை கிடக்கிற ஒன்பது பேரும் முடிஞ்சுது. அதுகளைத் திருப்பி அனுப்பினால் என்ன நடக்குமெண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. அதுகளின்ரை உயிர் உயிரில்லையோ?

— பொடியளை ஏன் எனக்கு முன்னாலை பிடிச்சு நிப்பாட்டுறியள்? மேலை போய்ப் பாருங்கோ. ஒரு மெத்தையும் இல்லை. நேற்றுப் பின்னேரமே நான் ஒவ்வொருத்தரிட்டையும் சொல்லிப்போட்டன். ஆறு பேர் ஈஸ்ற்ஹாமுக்கு, மூண்டு பேர் பெனடிக்ற்றிட்டை. காலமை நீங்கள் வந்து நேரை கதிரையிலை சாய்ஞ்சபடியால் தெரியேல்லை.

— என்ரை வீட்டிலை இருந்த ஆக்களை என்னட்டைக் கேக்காமல்...

— சுவருக்குள்ளை மருந்து கிடக்கு எண்டு சொன்ன உடனை ஒருத்தனும் ஏனெண்டு கேக்கேல்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு இறங்கினவங்கள். அவங்களுக்கு அது பழக்கம். இப்ப சொல்லுங்கோ. நான் போட்டனெண்டு சொன்னால் ரின்னைத் தருவியளோ?

— உடனை தருவன். இந்த நிமிசம்.

— சொல்லாட்டி?

— சொல்லாட்டி எண்டு ஏன் கதைக்கிறாய்? பதினெட்டு வயசிலை உன்னை எயார்போட்டிலை வந்து கூட்டிக்கொண்டு வந்தனான். பனிக்கு ஒரு சுவெற்றர் இல்லாமல் நிண்டனீ. என்ரை கோட்டைக் கழட்டித் தந்தனான். ஒரு நாள் அதைச் சொல்லிக் காட்டியிருப்பனோ? எனக்காக ஒண்டு செய். ஒண்டே ஒண்டு.

— ஓம். அந்தக் கோட்டு எனக்கு ஞாபகம் இருக்கு.

— அதுதான்.

— எடுத்துக்கொண்டு வாங்கோ.

— சொல்லுவியெல்லே?

— எடுத்துக்கொண்டு வாங்கோ, சித்தப்பா.

— நீ நல்ல பிள்ளை. எனக்குத் தெரியும். இரு. படிக்குக் கீழைதான், அரிசி மூட்டைக்குப் பின்னாலை. பழைய பேப்பரிலை சுத்தி வைச்சனான்... ஆரும் தொடக் கூடாதெண்டுதான் கடைசி மூலையிலை... இந்த வாளியைப் பிடி ஒருக்கா. லைற் எரியேல்லை. பேப்பர் கிடக்கு. இஞ்சை பேப்பர் கிடக்கு. ரின்னைக் காணேல்லை.

— தெரியும்.

— என்ன தெரியும்? நீ எடுத்தனீயோ?

— சித்தி எடுத்தவ. விடிய ஆறு மணிக்கு. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி வைச்சுக்கொண்டு வரவெண்டு அரிசி எடுக்கப் போனவ. சித்திக்கு இங்கிலீசு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனா மண்டையோட்டுப் படத்துக்கு எழுத்துத் தேவையில்லைத்தானே. றோட்டு முடக்கிலை இருக்கிற ரெலிபோன் பெட்டிக்குப் போய், வார்ட்டுக்கு அடிச்சு, என்னைக் கூப்பிடச் சொல்லி, ரின்னிலை இருந்த பேரை எழுத்தெழுத்தா வாசிச்சவ. ஒரு எழுத்தும் பிழை விடேல்லை. பிறகு ரின்னை மடியிலை கட்டிக்கொண்டு பஸ்ஸிலை வந்து டொக்டற்றை கையிலை குடுத்தவ. ஏழரைக்கு ஊசி போட்டாச்சு.

— கோயிலுக்குப் போகேல்லையே அவ.

— இல்லை.

— அப்ப பிள்ளை தப்பிடும்.

— தெரியாது. மிசின் இன்னும் கழட்டேல்லை. மூண்டு நாள் பிந்திப் போச்சு எண்டு டொக்டர் சொன்னவர்.

— சித்தி... என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?

— தன்ரை விரலைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. மோதிரத்தைக் கழட்டிக் குப்பைக்குள்ளை போட்டவ. நான் எடுத்து வைச்சிருக்கிறன். அவர் வாசலிலை நிண்டு படம் எடுத்தவரெல்லே, பிள்ளை எண்டு என்னட்டைக் கேட்டவ. ஓம் எண்டன்.

— அப்ப நீ ஏன் வந்தனீ? பேர் அங்கை டொக்டரிட்டைக் கிடக்கு. ரின்னும் அங்கை கிடக்கு. பிறகென்னத்துக்கு ஒரு மணித்தியாலமா இதிலை நிண்டு ரின்னைத் தா, ரின்னைத் தா எண்டு என்ரை உயிரை எடுத்தனீ?

— நான் கேக்க வரேல்லை. ரெண்டு மணிக்குக் கவுன்சில் ஆக்கள் சுவரை உடைக்க வருவினம், கதவைத் திறந்து விடுங்கோ எண்டு சொல்லத்தான் வந்தனான். நான்தான் கூப்பிட்டனான், என்ரை பேரைக் குடுத்து. போகேக்கை கதவிலை ஒரு கடதாசியும் ஒட்டிப்போட்டுப் போவன், பின்னேரம் வாற சனத்துக்கு. கேக்கச் சொன்னது சித்தி.

— சித்தியோ?

— ஒருக்காக் கேள் பிள்ளை எண்டவ. வாயைத் திறந்து ஒண்டும் பேசாமல், ஏனெண்டு கேக்காமல், எழும்பிப் போய் எடுக்கப் பாத்தாரெண்டால் நான் பின்னேரம் வீட்டை வாறன் எண்டவ.

— நான் எழும்பினனான்தானே. வத்சலா, நீ பாத்தனீ. எழும்பிப் போனனான்தானே. அதை அவவிட்டைச் சொல்லு. எழும்பினவர் எண்டு சொல்லு.

— கதவடியாலை கொஞ்சம் விலகுங்கோ, சித்தப்பா. பையை எடுக்க வேணும். அது அக்கான்ரை உடுப்பு இல்லை, சித்தியின்ரை. உங்களிட்டைக் கேக்க முதலே நான் அடுக்கிப்போட்டன்.